சூடு, சொரணை

"அங்கிள், கண்ணை மூடிக்குங்க. காலில் ஏதாவது பட்டால் 'ஹாங்' சொல்லுங்க."

நாற்பத்தாறு வயதில் அங்கிள் ஆகிவிட்டதை ஜீரணித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஆண்டாப் ஹில்லில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வருஷா வருஷம் கணபதி பந்தல் போடும் இடத்தில், இலவச சர்க்கரை நோய் முகாம். ரத்தம் எடுத்தாயிற்று. பி.பி. பார்த்தாயிற்று. கடைசி மேஜையில் ஒரு மராத்திப் பெண். கையில் பேனா மாதிரி ஒரு பிடி, அதன் முனையில் தூண்டில் நரம்பு போல ஒரு சின்ன நைலான் இழை.

"ஹாங்... ஹாங்... ஹாங்..."

"அங்கிள், இப்போ நான் தொடவே இல்லை."

வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போட்டு மாட்டிக்கொண்ட கிளார்க் மாதிரி ஆகிவிட்டது என் நிலை. அந்தப் பெண் சிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நடுநடுவே தொடாமலே சும்மா இருந்து பார்ப்பதும் இந்தச் சோதனையின் ஒரு பகுதியாம். கடைசியில் பத்து இடத்தில் ஒன்பது சரி, கட்டை விரலுக்கு அடியில் ஒரு இடம் மட்டும் சந்தேகம் என்று எழுதி, பக்கத்தில் 'நார்மல்' என்று போட்டாள்.

யாருக்கு நார்மல் என்று கேட்டேன். வங்கியில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வரும் வியாதி இது. டார்கெட் என்று ஒரு எண் மேலிருந்து வரும். அதை யார், எந்தக் கிளையைப் பார்த்துப் போட்டார்கள் என்று கேட்டால் பதில் வராது. இங்கேயும் அதே பதில்தான்: "சார்ட்டில் இருக்கு."

முகாமுக்கு வந்திருந்த டாக்டர்தான் காதில் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். "இந்த இழை சர்க்கரைக்காக இந்தியாவுக்கு வரவில்லை சார். குஷ்டத்துக்காக வந்தது. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஆக்வொர்த் இருக்கிறதே, தெரியாதா?"

தெரியும். வடாலாவில் மேஜர் பரமேஸ்வரன் சாலையில் இருக்கிறது. (1987-ல் இலங்கையில் உயிர்விட்டு பரம வீர சக்கரம் பெற்றாரே, அதே மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்தான். பம்பாயில் பிறந்தவர். இந்தச் சாலையில் போகும் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அவர் யார் என்று தெரியாது.) அந்தச் சாலையில் மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய வளாகத்தைத் தாண்டிப் பல தடவை போயிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது என் கட்டை விரல்.

1890-ல் பம்பாய் மாநகராட்சி கமிஷனராக இருந்தவர் ஹாரி அர்பத்நாட் ஆக்வொர்த். முந்தைய வருஷம்தான் ஹவாய்த் தீவில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்த பாதிரியார் டேமியன் அதே நோயில் இறந்திருந்தார். உலகம் முழுக்க அதே பேச்சு. பம்பாய்த் தெருக்களில் வீடில்லாமல் அலைந்த நோயாளிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விக்கு, அன்றைக்கு ஊருக்கு வெளியே இருந்த மாதுங்காவில் ஒரு இல்லம் கட்டினார்கள். பெயரே 'வீடற்ற தொழுநோயாளர் இல்லம்'. பிற்காலத்தில் ஆக்வொர்த் பெயர் வந்தது. மனிதர் சுவாரசியமானவர். மராத்தி வீரப் பாடல்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்.

இந்த இல்லத்துக்கு இன்னொரு புகழும் உண்டு. இங்கே கழிவுநீர்த் தொட்டியில் வந்த வாயுவைப் பிடித்து இயந்திரம் ஓட்டினார்கள். சாண எரிவாயு பற்றிய கட்டுரைகளில் 'உலகின் முதல் எரிவாயுக் கலன் 1859-ல் பம்பாய்த் தொழுநோய் இல்லத்தில்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1890-ல் கட்டின இல்லத்தில் 1859-ல் எப்படி வாயு வந்தது? சரியான வருஷம் 1897. ஒருவர் தப்பாக எழுத, மற்றவர்கள் ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறார்கள். ஒரு எண்ணை மூலம் பார்க்காமல் ஏற்றுக்கொண்டால் இதுதான் நடக்கும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

பம்பாய்க்கும் இந்த நோய்க்கும் உள்ள சம்பந்தம் இல்லத்துக்கும் முந்தையது. 1858-ல் இங்கே வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டும் 'கிரேஸ் அனாடமி'யின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்தவர் அவர்தான். புகழ் கிரேவுக்குப் போய்விட்டது. கார்ட்டர் பம்பாயில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் நரம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடித்துப்போன நரம்புக்கும் மரத்துப்போன தோலுக்கும் உள்ள உறவை எழுதினார். நார்வே வரை போய் அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஏனென்றால் இந்த நோயின் வேலையே அதுதான். தோலில் ஒரு தேமல். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் யாரும் டாக்டரிடம் போவதில்லை. எங்கள் ஊரில் பாட்டிகள் தேமலைப் பார்த்தால் கிள்ளிப் பார்ப்பார்கள். சுஸ்ருதரும் தொடு உணர்வு போவதை இந்த நோயின் அடையாளமாகச் சொல்லியிருக்கிறார். கிருமி நரம்புக்குள் புகுந்து, மெல்லிய நரம்பிழைகளை முதலில் கெடுக்கிறது. சூடு, குளிர்ச்சியைச் சொல்லும் இழைகள் மெல்லியவை. அதனால் அந்தத் தேமலில் பெரும்பாலும் முதலில் போவது வெப்ப உணர்வு. அப்புறம் லேசான தொடுகை. அப்புறம் வலி. அதிர்வைச் சொல்லும் தடித்த இழைகள் கடைசி வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

திட்டுவதற்கு நாம் வைத்திருக்கும் வார்த்தையைப் பாருங்கள். 'சூடு சொரணை இருக்கா உனக்கு?' முதலில் சூடு, பிறகு சொரணை. நோய் போகும் வரிசையும் அதேதான். தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சட்டத்துக்கு இந்த வரிசை தெரியவில்லை. 1898-ல் வந்த தொழுநோயாளர் சட்டம், புண் வைக்கத் தொடங்கியவரைத்தான் தொழுநோயாளி என்றது. அப்படிப்பட்டவர் தெருவில் பிச்சை எடுத்தால் பிடித்து இல்லத்தில் அடைக்கலாம். புண் வருவதற்குப் பல வருஷம் முன்பே அந்தக் காலில் உணர்ச்சி போயிருக்கும். போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிவது புண் மட்டும்தான். (இந்தச் சட்டம் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது 2016-ல். மணவிலக்குக்கு இந்த நோயை ஒரு காரணமாக வைத்திருந்ததை எடுத்தது 2019-ல்.)

புண்ணுக்கு முன்னாலேயே பிடிக்க வேண்டுமென்றால் உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும். அதற்கு ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். பம்பாய் தொழுநோய்த் திட்டம் என்ற அமைப்பை 1976-ல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கினார். சயான் - சூனாபட்டியில் அலுவலகம். தாராவிச் சந்துகளில் அதன் ஊழியர்களும் தன்னார்வலர்களும் நடந்தார்கள். தாராவியில் நம் ஜனங்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் இடங்களில் உழைத்தவர்களின் பேரன் பேத்திகள்.

ஊழியர் கையில் இருந்த கருவிகள் எளிமையானவை. ஒரு இறகு அல்லது பஞ்சு. ஒரு பால்பாயின்ட் பேனா. இரண்டு கண்ணாடிக் குழாய்: ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். கண்ணை மூடச் சொல்லி, எங்கே படுகிறது என்று விரலால் காட்டச் சொல்வார்கள். வலது கையில் குறைச்சலாகத் தெரிந்தால் இடது கையோடு ஒப்பிடலாம்.

இரண்டு கையிலும் குறைந்திருந்தால்?

இங்கேதான் 'நார்மல்' என்ற கேள்வி நிஜமாகவே வருகிறது. நோயாளியிடமிருந்து பதில் கிடைக்காது. அவருக்கு நேற்று எவ்வளவு தெரிந்தது என்பது அவருக்கே நினைவிருக்காது. மெதுவாகப் போகும் உணர்ச்சி போகிறது என்றே தெரிவதில்லை. ஆகவே நோயில்லாதவர்களை வரிசையாக உட்கார வைத்து, உனக்கு எவ்வளவு தெரிகிறது என்று கேட்டு, எழுதி, அதிலிருந்து ஒரு கோடு போட வேண்டும். ஆரோக்கியமானவர்களைச் சோதிப்பது வெட்டி வேலை மாதிரித் தோன்றும். அந்தக் கோடு இல்லாமல் மற்ற சோதனைகளுக்கு அர்த்தமே கிடையாது.

அளக்கும் வேலை ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் ஆரம்பித்தது. 1834-ல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் காம்பஸின் இரண்டு முனைகளையும் தோலில் வைத்து, எவ்வளவு தள்ளி வைத்தால் 'இரண்டு' என்று தெரிகிறது என்று பார்த்தார். விரல் நுனியில் இரண்டு மில்லிமீட்டரே போதும். முதுகில் நாலு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் ஒன்றாகவே தெரியலாம். வீட்டில் பையனின் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து மனைவியிடம் செய்து பார்த்தேன். முடிவைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

அதே ஊரில் 1890-களில் மாக்ஸ் ஃபான் ஃப்ரே குதிரை முடியை எடுத்தார். ஒரு குச்சியின் முனையில் முடியை ஒட்டி, தோலில் நிமிர்த்தி அழுத்தினால் ஒரு கட்டத்தில் முடி வளையும். வளைந்த பிறகு நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் தோலில் படும் விசை ஏறக்குறைய அதேதான். முடி தடிமனாக இருந்தால் விசை கூடுதல், நீளமாக இருந்தால் குறைச்சல். சோதிப்பவரின் கை நடுங்கினாலும் அளவு பெரிதாக மாறாது. எவ்வளவு எளிமையான மூளை பாருங்கள்.

குதிரை முடிக்குப் பதிலாக நைலானைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் ஜோசபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டைன். போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களின் கையில் உணர்ச்சி எவ்வளவு என்று அளக்க 20 இழைகள் செய்தார்கள். 1960-ல் புத்தகமாக வந்தது. அந்த இழைகளின் மேல் 2.83, 3.61, 5.07 என்று எண் போட்டிருக்கும். கிராமும் இல்லை, மில்லிகிராமும் இல்லை. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது மடக்கை. மில்லிகிராமை பத்தால் பெருக்கி மடக்கை எடுத்தால் வரும் எண். 2.83 என்றால் கிட்டத்தட்ட 70 மில்லிகிராம். பள்ளிக்கூடத்தில் கிளார்க்ஸ் டேபிளை வைத்து அழுதது முப்பது வருஷம் கழித்து உதவியது. 5.07-க்குக் கணக்குப் போட்டால் 11.7 கிராம் வருகிறது. உலகம் முழுக்க அதை '10 கிராம் இழை' என்கிறார்கள். எங்கள் ஆடிட்டராக இருந்தால் விட்டிருக்க மாட்டார்.

அமெரிக்க அட்டவணைப்படி ஆரோக்கியமான கைக்கு அந்த 70 மில்லிகிராம் இழை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குறைபாடு.

நகைக்கடன் கொடுக்கும் கிளைகளில் வேலை பார்த்ததால் இந்த எடைகள் எனக்குக் கைக்குப் பழக்கம். ஒரு குன்றிமணி 120 மில்லிகிராம் அளவு. அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் 70. காலையில் கீபோர்டு தட்டி மாலையில் கிரீம் தடவும் கைக்கு அது தெரியலாம். நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய தோலை இழுத்துப் போட்ட தாராவிக்காரரின் கைக்கு? செருப்பில்லாமல் வயலில் இறங்குபவரின் பாதத்துக்கு? காய்த்துப்போன தோலில் தெரியாமல் போனால் அது நோயா, உழைப்பா?

இது என் கற்பனைக் கவலை இல்லை. தொழுநோய் ஆய்வாளர்களுக்கே இருந்தது. நேபாளத்தில் ஆரோக்கியமானவர்களை உட்கார வைத்து அளந்து 1996-ல் வெளியிட்டார்கள். அங்கே இயல்பு என்று வைத்த எல்லை கைக்கு 200 மில்லிகிராம், பாதத்துக்கு 2 கிராம். 200 என்பது இரண்டு குன்றிமணிக்கும் குறைவு. 2 கிராம் என்பது கால் பவுன். காலுக்குக் கால் பவுன் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பழைய அட்டவணையை அப்படியே எடுத்து வைத்திருந்தால், ஒரு குறையும் இல்லாத எத்தனையோ உழைப்பாளிகளை நோயாளி லிஸ்டில் சேர்த்திருப்பார்கள். அந்த நோயின் லிஸ்டில் சேர்வது என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. எல்லையை ரொம்பத் தளர்த்தினால் அதுவும் ஆபத்து. நிஜமாகவே உணர்ச்சி போய்க்கொண்டிருப்பவரை 'நார்மல்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

இன்னொரு நுணுக்கம். நைலான் ஈரத்தை உறிஞ்சும். காற்றில் ஈரம் ஏறினால் இழை இளகி, சீக்கிரம் வளையும். பம்பாய் மழைக்காலத்தில் ஜூலை மாதம் அளப்பதும் ஜனவரியில் அளப்பதும் ஒன்றல்ல. இங்கே உப்பு ஜாடியே கட்டிதட்டிப் போகிறது, இழை எம்மாத்திரம்.

வெப்பத்தை அளப்பது இன்னும் சிக்கல். குழாயில் ஊற்றிய வெந்நீர் முதல் நோயாளிக்கு வெந்நீர், பத்தாவது நோயாளிக்குப் பச்சைத்தண்ணீர். அதற்கு மின் கருவி வந்தது. ஒரு சின்னத் தகட்டைத் தோலில் வைத்து 32 டிகிரியில் ஆரம்பிப்பார்கள். தோலின் இயல்பான சூடு ஏறக்குறைய அதுதான். அங்கிருந்து மெல்ல ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். வித்தியாசம் தெரிந்த உடனே பட்டனை அமுக்க வேண்டும். கையில் ஓரிரு டிகிரியிலேயே தெரிந்துவிடும், குளிர்ச்சி இன்னும் சீக்கிரம். பாதத்துக்கு அதைவிட நிறைய ஏற வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டுமுன் அம்மாமார் தண்ணீரைப் புறங்கையால்தான் பார்ப்பார்கள், காலால் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் 2006-ல் 180 ஆரோக்கியமானவர்களின் முகம், கை, கால் மூன்றிலும் 13 விதமாக அளந்து பெரிய அட்டவணை வெளியிட்டார்கள். வயது, ஆண் பெண், உடலின் இடம் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். நார்மல் என்பது ஒரு எண் இல்லை, ஒரு பேரேடு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்தியாவில் இதன் பலன் தெரிந்தது உத்தரப் பிரதேசத்தில். நைனி, ஃபைசாபாத் தொழுநோய் மருத்துவமனைகளில் புதிய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. இழை, அதிர்வு, சூடு, குளிர்ச்சி, நரம்பின் மின்னோட்டம் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப அளந்தார்கள். 188 பேரின் கணக்கு 2008-ல் வந்தது. வெதுவெதுப்பை உணரும் சக்தியும் நரம்பின் மின்னோட்டமும், இழைச் சோதனையில் குறை தெரிவதற்கு 12 வாரமோ அதற்கும் மேலோ முன்பே குறைந்திருந்தன. பன்னிரண்டு வாரம் என்பது நரம்பு வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்து ஒரு கையைக் காப்பாற்றப் போதுமான காலம். மறுபடியும், முதலில் சூடு, பிறகு சொரணை.

குஷ்டத்துக்கு வந்த இழை என் காலுக்கு எப்படி வந்தது? அதில் கொல்லிமலைக்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு. பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று டாக்டர்களே நம்பிய காலம். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் தவித்தபோது, நோயாளியான சின்னப் பையன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பித் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று கையைப் பார்த்தால், சாவி விரலை எலும்பு வரை கிழித்திருக்கிறது. பையனுக்குத் தெரியவே இல்லை. விரல்கள் அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அன்றாட வேலையில் தேய்ந்து போகின்றன என்பதை பிராண்ட் ஒவ்வொரு காயமாகக் கணக்கெடுத்து நிறுவினார். பாதத்தைக் காக்க மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பை வேலூரிலும் கரிகிரியிலும் உருவாக்கினார்கள்.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே செயற்கை வலி தரும் கையுறை செய்து பார்த்துத் தோற்றார்கள். வலிக்கிறது என்று தெரிந்தால் நோயாளிகள் அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்களாம். அதே கார்வில்லில் பிர்க், சிம்ஸ் என்ற இருவர் தொழுநோயாளிகளின் பாதங்களையும் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களையும் இழைகளால் சோதித்தார்கள். 5.07 இழையை உணர முடிந்தவர்களிடம் ஆறாப்புண் இல்லை. 1986-ல் தொழுநோய் இதழில் வெளிவந்த இந்தக் கட்டுரைக்குப் பிறகு, அந்த இழை சர்க்கரை முகாம்களுக்குள் நுழைந்தது.

கவனித்தீர்களா? 10 கிராம் என்பது 'நார்மல்' இல்லை. ஆரோக்கியமான பாதத்துக்கு 2 கிராமே தெரிய வேண்டும். 10 கிராம் என்பது புண் வராமல் தப்பிக்கும் கோடு. பாஸ் மார்க். பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசு 9 கிராம், கிட்டத்தட்ட அந்த விசையைத்தான் நான் உணர்ந்தேன். அதில் ஒரு இடம் சந்தேகம். அந்தப் பெண் எனக்கு எழுதிக்கொடுத்த 'நார்மல்' 35 மார்க் என்று புரிந்தபோது சந்தோஷம் கொஞ்சம் இறங்கியது.

அதிர்வுக் கணக்கும் இப்படித்தான். இசைக்கவையைத் தட்டிக் கட்டை விரல் எலும்பில் வைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் வந்தது. இப்போது பயோதீசியோமீட்டர் என்று ஒரு மின் கருவி, வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போவார்கள், எப்போது அதிர்வு தெரிகிறது என்று சொல்ல வேண்டும். 25 வோல்ட்டைத் தாண்டினால் புண் வரும் ஆபத்து அதிகம் என்பது பொதுவான கணக்கு. சென்னையில் 2008-ல் வெளிவந்த ஆய்வில் 20 வோல்ட்டையே எல்லையாக வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரை உள்ளவர்களில் 26 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு. எல்லையை ஐந்து வோல்ட் மாற்றினால் நோயாளிகளின் எண்ணிக்கையே மாறும். வாராக்கடனுக்கு 90 நாளா 180 நாளா என்பது மாதிரி. வயது ஏற ஏற அதிர்வு உணர்ச்சி எல்லோருக்கும் குறையும் என்பதால், எழுபது வயதுக்காரரை முப்பது வயதின் கோட்டில் நிறுத்தக் கூடாது.

எழுபது வயது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. என் அப்பாவுக்கு எழுபத்தாறு. அம்பாசமுத்திரம் பக்கம் ஊரில் அம்மாவோடு இருக்கிறார். சர்க்கரைக்கு இருபது வருஷம். போன சித்திரையில் பக்கத்துக் கோயிலுக்கு உச்சிவெயிலில் போய், கல் பாவிய பிரகாரத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கிறார். சாயங்காலம் அம்மாதான் பார்த்திருக்கிறாள், இரண்டு பாதத்திலும் கொப்புளம். "ஒண்ணும் தெரியலையே" என்றாராம். நான் இங்கிருந்து போனில் கத்தினேன். கத்தத்தான் முடியும். ஆற ஏழு வாரம் ஆனது.

முகாம் முடிந்த அடுத்த மாதம் லீவு போட்டு ஊருக்குப் போனபோது ஒரு 10 கிராம் இழையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். திண்ணையில் அப்பாவை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னேன்.

"ஆமா... ஆமா... ஆமா..."

நான் கையை எடுத்துவிட்டேன்.

"ஆமா... ஆமா..."

அம்மா கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பாஸ் பண்ணணும்னு சொல்லுதாரு" என்றாள்.

"என்னல, எல்லாம் சரியா இருக்கா?" என்று கண்ணை மூடியபடியே அப்பா கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, சும்மா இருக்கும் நேரத்தைக் கூட்டி, மெதுவாகச் செய்தேன். வலது பாதத்தில் பத்துக்கு மூன்று. இடதில் இரண்டு. அப்புறம் வெறும் விரலால் தொட்டேன், இழையில்லாமல். "இப்ப தெரியுது" என்றார்.

மறுநாள் டவுனுக்குக் கூட்டிப்போய் டாக்டரைப் பார்த்துவிட்டு, எம்.சி.ஆர். செருப்பு வாங்கலாம் என்றேன். கடை வாசலிலேயே நின்றுவிட்டார். "அது பெருநோய்க்காரங்க போடுததுல்லா?"

ஆமாம், அவர்களுக்காகச் செய்ததுதான் என்று சொல்லி, பிராண்ட், வேலூர், கொல்லிமலை எல்லாம் நடுரோட்டில் நின்று விளக்கினேன். பாதி கேட்டார். கொல்லிமலை என்றதும் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். கடைக்காரர் கறுப்பு ஜோடி ஒன்றை எடுத்து வெளியே வைத்தார்.

"கறுப்பு வேண்டாம்" என்றார் அப்பா. "பிரவுன்ல இருந்தா எடுக்கச் சொல்லு."